சோளக் களத்தில் இறங்கிய விமானமும் ஒரு பட்டு நூலும்

விமான எஞ்சின் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்று தெரிந்ததும் கள்ளக்குறிச்சியில் எல்லாரும் என்னிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். லிட்டருக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது முதல் கேள்வி. எஞ்சினை முழுசாகப் பிரித்து மாட்ட எவ்வளவு ஆகும் என்பது இரண்டாவது. சென்ற மாதம் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்த பல் மருத்துவர்கூட, கருவியை உள்ளே வைத்துக்கொண்டே இரண்டாவது கேள்வியைக் கேட்டார். வாயைத் திறந்து வைத்திருப்பவனிடம் கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பதில் சொல்லாமலும் என்னால் இருக்க முடியாது. பல்லை அடைத்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் யாரும் என்னை நல்ல கண்ணால் பார்க்கவில்லை.

பழைய பணிமனைப் பிள்ளைகளும் கைப்பேசிக் குழுவில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லி நச்சரிக்கிறார்கள். எனவே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இந்தத் தாளை நீட்டிவிடலாம்.

நான்கு சிலிண்டர் உள்ள ஒரு சின்னப் பயிற்சி விமானத்தின் எஞ்சினை ஓவர்ஹால் செய்ய, அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பித்து மாட்ட, இன்றைய விலையில் இருபத்தைந்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். இதைச் சொன்னதும் கேட்பவர் முகம் மாறும். கார் எஞ்சின் அளவே உள்ள பொருளுக்கு இவ்வளவா என்பார். ஆமாம், இவ்வளவுதான். நான்கு சிலிண்டர்கள், அவற்றுக்குள் நான்கு பிஸ்டன்கள். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் புது ரிங்குகள். வெப்பக் காற்று வெளியேறும் வால்வுகள் நான்கும் புதிது. சிலிண்டருக்கு இரண்டாக எட்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றுக்கு மின்பொறி தர இரண்டு மேக்னெட்டோக்கள். ஒன்று செத்தாலும் மற்றொன்று வேலை செய்ய வேண்டும் என்பதால் இரண்டு. பிஸ்டனையும் விசிறியைச் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் தண்டுகளின் போல்ட் எட்டும், நட்டு எட்டும், பார்க்கப் புதிது போல மின்னினாலும் தூக்கிப்போட வேண்டியவை. பேரிங்குகளும் ரப்பர்க் குழாய்களும் அப்படித்தான். கிராங்க் ஷாஃப்ட்டைக் காந்தமேற்றிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அது பழைய இரும்பு விலைக்குப் போகும், உங்கள் செலவு இன்னும் பல லட்சம் ஏறும். ஒவ்வொரு பாகத்தோடும் அது எங்கே செய்யப்பட்டது, யார் சோதித்தார் என்ற சான்றும் வர வேண்டும். சான்று இல்லாத பாகம் தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் எஞ்சினுக்குள் போகாது.

இந்தப் பட்டியலின் கடைசியில், விலை மிகக் குறைந்த இடத்தில், பட்டு நூல் என்று ஒன்று உண்டு. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

நான் படித்தது விமானப் பராமரிப்பு டிப்ளமோ. பிறகு பழகுநர் வேலை, ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சைகள், ஒருவழியாக உரிமம். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. பெரும்பாலும் கழுவினேன். மற்ற நேரத்தில், கழுவியதை மறுபடியும் கழுவினேன். அதன்பின் சென்னைப் பக்கம் ஒரு பறக்கும் கழகத்தில், அதாவது இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஓரிடத்தில், வேலை கிடைத்தது. கழகத்திடம் இரண்டு விமானங்கள் இருந்தன. அதில் ஒன்று எப்போதும் ஏதாவது பாகத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எனவே ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம்.

அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜெபமணி சார். ஒல்லியானவர், மெதுவாகப் பேசுவார், பெருக்குபவர் முதல் செயலாளர் வரை எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அவருடைய சட்டைகளில் பை கிடையாது. தையல்காரரிடம் சொல்லிப் பையே இல்லாமல் தைத்து வைத்திருந்தார். குனியும்போது பையிலிருந்து ஒரு பேனா மூடி எஞ்சினுக்குள் விழுந்தால் அதைத் தேட எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும் என்பது அவர் பயம். இதனால் பேருந்தில் மீதிச் சில்லறையைப் பணிமனை வரை கையிலேயே பொத்திக்கொண்டு வருவார். வந்ததும் அதை மேசையில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து, கையைக் கழுவித் துடைத்த பிறகே எஞ்சின் பக்கம் போவார். கோபம் வந்தால் மறுபடியும் கை கழுவுவார். ஒரு நாளில் அவர் எத்தனை முறை கழுவினார் என்று நாங்கள் எண்ணுவோம். நான்தான் எண்ணுவேன், மற்றவர்கள் என்னிடம் கேட்டுக்கொள்வார்கள். கணக்கு சார் என்றே எனக்குப் பெயர் வந்துவிட்டது.

அப்போது கழகத்தில் படித்த பிள்ளைகளில் ஒருத்தி நஸ்ரின். என் ஊரான கள்ளக்குறிச்சியில் மக்காச்சோளம், கம்பு, உளுந்து வாங்கி விற்கும் கரீம் பாயின் மகள். பாய் எங்கள் வீட்டுக்கும் பழக்கமானவர். மகளைச் சேர்க்க வந்த அன்றே, பத்தாயிரம் குறைத்துக்கொள்ளச் சொல்லிச் செயலாளரிடம் அரை நாள் பேரம் பேசினார். குறைக்கவில்லை. கடைசியில் ஒரு தொப்பியாவது இலவசமாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டுதான் போனார். சேர்க்கும்போது பெற்றோர் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். மாணவரின் தவறால் விமானத்துக்குச் சேதம் வந்தால் செலவு அவர்களுடையது, பயிற்சியும் அத்தோடு முடியும். பாய் அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

நஸ்ரின் தனியாகப் பறக்க வேண்டிய நீண்ட பயணம் வந்தது. சென்னையிலிருந்து புதுச்சேரி, அங்கிருந்து சேலம், பிறகு திரும்ப வேண்டும். புதுச்சேரி வரை எல்லாம் சரி. அங்கிருந்து மேற்கே வரும்போது, உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, கல்வராயன் மலை எதிரே தெரிகிற இடத்தில், எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. எண்ணெய் அழுத்தம் போனால் எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு உரசும். சிறிது நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். கீழே காடும் பாறையும் உள்ள மலைக்கு மேல் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் மலையைத் தாண்டவில்லை. திரும்பினாள்.

திரும்பி இறங்க அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்று இருந்தது. உளுந்தூர்பேட்டை பக்கம், பல காலமாக விமானம் எதுவும் இறங்காத பழைய ஓடுதளம். காங்கிரீட் நன்றாகச் சூடேறும் என்பதால் சுற்று வட்டாரத்தார் அதில் தானியம் காயப்போடுவார்கள். கரீம் பாயின் மக்காச்சோளமும் வருடாவருடம் அங்கேதான் காயும். சின்ன வயதில் அப்பாவோடு வந்து விளையாடியவள் என்பதால், கிழக்குக் கோடியில் பாதி இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது. பாய் அந்தப் பாதியிலும் சோளத்தைப் பரப்பிவிட்டார்.

செய்தி வந்ததும் ஜெபமணி சாரும் நானும் வேனில் புறப்பட்டோம். செயலாளர் முன்னால் காரில் போனார். நாங்கள் சேர்ந்தபோது விமானம் சோளத்தின் நடுவே, அறுவடைக்கு வந்த இயந்திரம் போல நின்றுகொண்டிருந்தது. நஸ்ரினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சக்கரங்களும் சரி, இறக்கைகளும் சரி. ஆனால் சோளத்தைக் கூட்டித் தள்ளுகிற மரப்பலகை ஒன்றில் முன்புற விசிறி அடித்து, ஒரு இதழின் நுனி வளைந்து, எஞ்சின் சட்டென்று நின்றிருந்தது.

சோளம் காயவைக்கும் பெண்கள் விமானத்தைச் சுற்றி உட்கார்ந்து சிதறிய மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான அஞ்சலை என்பவர் எஞ்சின் மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இதுக்குள்ள ரெண்டு படி சோளம் கீது. அதையும் எடுத்துக்கினு பூடுவீங்களா, இன்னா?"

"தொடாதம்மா, அது எல்லாம் சாட்சி" என்றேன்.

"சோளம் சாட்சி சொல்லுமாங்க? சொல்லிச்சின்னா எங்க கூலியயும் கேட்டு சொல்லச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவும் சிரிக்கவில்லை. அவர் தலையில் கழகத்தின் இலவசத் தொப்பி இருந்தது.

செயலாளர் அங்கேயே முடிவுக்கு வந்துவிட்டார். சேலம் வரை போயிருக்கலாம், சொந்த ஊருக்கு மேல் ஒரு சுற்று அடித்துக் காட்ட ஆசைப்பட்டுத் தாழ்வாக வந்திருக்கிறாள், பிறகு பயந்து இறக்கிவிட்டு முள் இறங்கியது என்று கதை சொல்கிறாள் என்றார். நஸ்ரின் அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. ஜெபமணி சார் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"முள்ளு நெஜமாவே எறங்குச்சு சார். எஞ்சினைத் திறந்து பாருங்க, அதுல இருக்கும்."

"பார்ப்போம்மா" என்றார் அவர். ஓடிக்கொண்டிருக்கும்போது விசிறி எதிலாவது மோதி எஞ்சின் திடீரென நின்றால், வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் பறக்க விடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. எனவே திறந்துதான் ஆக வேண்டும். ஓவர்ஹால் செய்ய வேண்டிய மணிக்கணக்கையும் அந்த எஞ்சின் நெருங்கிக்கொண்டிருந்தது. செலவு யாருடையது என்பதுதான் கேள்வி. முள் உண்மையிலேயே இறங்கியிருந்தால் கழகத்துடையது, அவள் படிப்பும் தொடரும். இல்லையென்றால் கரீம் பாய் சோளம் விற்ற பணமெல்லாம் எஞ்சினுக்குள் போகும், மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

எஞ்சினைக் கழற்றும் முன் எண்ணெயை வடிக்க வேண்டும். களத்திலேயே ஒரு தொட்டியில் வடித்தோம். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்ப்பது ஜெபமணி சாரின் வழக்கம். எஞ்சினுக்குள் ஏதாவது தேய்ந்திருந்தால் இரும்புத் துகள் துணியில் நிற்கும். துணியில் காந்தத்தை ஓட்டினார், பூதக்கண்ணாடியால் பார்த்தார். இரும்பு ஒரு துகள்கூட இல்லை. சோளத்தின் உமியும் தோலும்தான் நிறைய இருந்தன. காற்றடித்து அவை தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தன. எங்கள் காதிலும் மூக்கிலும்கூட அதேதான். துணியை உதறப் போன உதவியாளரிடமிருந்து அதை வாங்கி மடித்து ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டேன். காரணம் ஒன்றுமில்லை. எதையும் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. இதற்காக இன்றும் வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

பணிமனையில் எஞ்சினைத் தாங்கியில் ஏற்றிப் பிரிக்கத் தொடங்கினோம். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி, வரிசையாகத் தட்டுகளில் வைத்து எண்ணுவது என் வேலை. புத்தகத்தில் எத்தனை என்று இருக்கிறதோ அத்தனையும் தட்டில் வந்திருக்க வேண்டும். வந்திருந்தது. எண்ணெய்ப் பம்பின் பற்சக்கரங்கள் நன்றாக இருந்தன. அழுத்தம் காட்டும் கருவியைச் சோதித்தோம், சரியாகக் காட்டியது. அழுத்தம் கூடினால் திறந்து கூடுதல் எண்ணெயைக் கீழே விடும் ஒரு சின்ன வால்வு உண்டு. ஒரு குண்டும் அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங்கும்தான் அது. குண்டு சுத்தமாக, தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. சிலிண்டர்களையும் கழற்றிவிட்டோம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு நல்ல எஞ்சினைப் பார்த்து நான் அவ்வளவு வருத்தப்பட்டது அந்த ஒரு முறைதான். செயலாளர் தினமும் வந்து, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை அல்லவா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த நாட்களில் ஜெபமணி சார் கை கழுவிய எண்ணிக்கை இரண்டு மடங்கானது.

செலவுப் பட்டியலைத் தயாரித்துக் கரீம் பாய்க்குக் காட்டச் சொன்னார்கள். அவர் பேருந்தில் வந்து சேர்ந்தார். அவர் தளர்ந்திருப்பார் என்று நினைத்தேன். பட்டியலைக் கையில் வாங்கியதும் வியாபாரி நிமிர்ந்துவிட்டார். வரிவரியாகப் பேரம் தொடங்கியது. பிளக் எட்டு எதற்கு, சிலிண்டருக்கு ஒன்று போதாதா? போல்ட் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது? மேக்னெட்டோ ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் வைக்கக்கூடாதா? நான் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடைசி வரிக்கு வந்தார்.

"இது இன்னா, பட்டு நூலு? எஞ்சினுக்குப் பொடவை கட்டப் போறீங்களா?"

விளக்கினேன். எஞ்சினின் கூடு இரண்டு பாதிகளால் ஆனது. இரண்டையும் சேர்த்து முடுக்கும்போது எண்ணெய் கசியாமல் இருக்க நடுவே ஏதாவது வேண்டும். தடிமனாக எதையும் வைத்தால் உள்ளே பேரிங்கின் பிடிப்பு மாறிவிடும். அதனால் மெல்லிய பூச்சு பூசி, அதன்மேல் ஓரம் முழுக்க ஒரு பட்டு நூலை வளைத்து வைப்பார்கள். பாதிகள் சேரும்போது நூல் நசுங்கி அடைத்துக்கொள்ளும்.

"அப்ப உள்ளுக்குள்ள ஏற்கெனவே ஒரு நூலு கீதில்ல?"

"இருக்கும்."

"பட்டு கெட்டாபோவும்? அதையே சுத்திடுங்க. இத அடிச்சிடுங்க." சொல்லிவிட்டு என் பேனாவை வாங்கி அந்த வரியைத் தாமே அடித்தார். இவ்வளவு நேரம் பேசியதற்கு ஒரு வரியாவது குறைத்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

நசுங்கிய நூலை மறுபடி வைக்க முடியாது என்று நான் எவ்வளவு சொன்னாலும் அவர் கேட்பதாக இல்லை. ஜெபமணி சார் குறுக்கிட்டு, "நாளைக்குக் கூட்டைப் பிரிக்கிறோம் பாய். இருந்து உங்க கண்ணாலயே நூலைப் பாத்துட்டு போங்க" என்றார். பாய் அன்று எங்கள் வீட்டில் தங்கினார். சாப்பிடும்போதும் என் மனைவியிடம் பட்டு நூல் விலை விசாரித்தார்.

மறுநாள் காலை தாங்கியைச் சுற்றி எல்லாரும் நின்றோம். செயலாளர் வந்திருந்தார். நஸ்ரின் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். ஜெபமணி சார் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துக் கை கழுவி வந்தார். நட்டுகளைக் கழற்றிக் கழற்றி என்னிடம் தந்தார், நான் எண்ணித் தட்டில் போட்டேன். தோல் சுத்தியால் ஓரமாக மெல்லத் தட்டினார். கூடு இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதியைத் தூக்கிப் பக்கத்து மேசையில் மல்லாத்தி வைத்தோம். கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயில் பளபளவென்று கிடந்தது. எங்கள் எல்லார் கண்ணும் அதன் மேல்தான். தேய்ந்த அடையாளம் ஏதாவது தெரியாதா என்று நான் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. செயலாளர் பெருமூச்சு விட்டார்.

கரீம் பாய் கிராங்க் ஷாஃப்ட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து கூட்டின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூலு எங்க சார்?"

நானும் குனிந்து பார்த்தேன். விளிம்பில் நூல் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக, ரப்பர் போல எதுவோ தடித்துப் படிந்திருந்தது. உள்பக்கம் பிதுங்கி, சில இடங்களில் இழை இழையாகத் தொங்கியது. ஒரு இடத்தில் பிய்ந்துபோன தடம் இருந்தது.

"இது எங்க லாரிக்குப் போடற பேஸ்ட்டாச்சே" என்றார் பாய். "உளுந்தூர்பேட்டைல எல்லா பட்டறைலயும் கெடைக்குமே, டியூப்ல. இதுக்கா இத்தினி லட்சம்?"

கழகம் இந்த விமானத்தை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தது. அதற்கு முன்பே எங்கேயோ ஒரு பணிமனையில் எஞ்சினை ஓவர்ஹால் செய்து, எல்லாம் புத்தகப்படி என்று சான்றும் கொடுத்திருந்தார்கள். அங்கே பட்டு நூல் கையில் இருந்திருக்காது. வரவழைக்கக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், டியூப்பைப் பிதுக்கிப் பூசி முடித்திருக்கிறார்கள். வெளியே மழமழவென்று பெயின்ட் அடித்துவிட்டதால் கூட்டைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது. நான் அந்த எஞ்சினின் எல்லாப் பாகங்களையும் எண்ணி முடித்துச் சரி என்று சொல்லியிருந்தேன். நூலுக்கு எண்ணிக்கை கிடையாது. அது புத்தகத்தில் அளவு என்ற பத்தியில்தான் வரும்.

ஜெபமணி சார் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். நிதானமாகக் கழுவினார். திரும்பி வந்து என்னிடம், "தணிகாசலம், களத்துல எண்ணெய் வடிச்ச துணி இருக்கா? உதறிட்டீங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். பையை எடுத்து வந்தேன். வெள்ளைத் தாள் மேல் துணியை விரித்தோம். உமி, தோல், தூசி. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு தோலை எடுத்தார், இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மங்கிய சிவப்பில், சோளத்தோல் போலவே சுருண்டிருந்த ஒன்றை எடுத்து இழுத்தார். அது கிழியவில்லை. நீண்டது. விட்டார். சுருங்கிக்கொண்டது.

விமானம் போய் நின்றது சோளத்தில் என்பதால், துணியில் கண்டதையெல்லாம் சோளம் என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் துண்டை விரித்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். நடுவில் பிறை போல அழுந்திய ஒரு தடம். தட்டிலிருந்து அந்தச் சின்ன வால்வின் குண்டை எடுத்து மெதுவாக அதன்மேல் வைத்தார். பொருந்தியது. பிதுங்கிய பேஸ்ட் ஒரு துண்டு பிய்ந்து, எண்ணெயோடு ஓடி, குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே சிக்கியிருக்கிறது. வால்வு மூடாமல் எண்ணெய் கீழே வழிந்துகொண்டே இருக்க, முள் இறங்கியிருக்கிறது. பலகையில் மோதிய அதிர்ச்சியில் துண்டு விடுபட்டு எஞ்சினின் அடியில் விழுந்து, நாங்கள் வடித்த எண்ணெயோடு துணிக்கு வந்திருக்கிறது. அதனால்தான் வால்வு எங்களுக்குச் சுத்தமாகக் கிடைத்தது.

செயலாளர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். நல்ல மனிதர்தான், அவசரப்படுவார், அவ்வளவே. "மலை மேல போயிருந்தா?" என்று ஜெபமணி சாரிடம் கேட்டார்.

"போயிருந்தா இப்ப நாம வேற இடத்துல நின்னுக்கிட்டு இருப்போம் சார்."

செயலாளர் நஸ்ரினிடம் போய், "திரும்பினது சரியான முடிவும்மா. அப்படியே எழுதறேன்" என்றார். அவள் சரி சார் என்றாள். பிறகு வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். வெகு நேரம் கழுவினாள். ஜெபமணி சாருக்குப் போட்டியாக ஒருத்தி வந்துவிட்டாள் என்று பணிமனையில் பேசிக்கொண்டார்கள்.

கரீம் பாய்க்கு விஷயம் முழுக்கப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் செலவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். தாம் அடித்த கடைசி வரியின் மேல் விரலை வைத்தார்.

"கணக்கு சார், இந்த நூலை மட்டும் என் செலவுல போட்டுக்குங்க. ஜாஸ்தியா வேணும்னாலும் சுத்திக்குங்க."

"நூல் அளவோடதான் வைக்கணும் அத்தா" என்றாள், கதவருகே முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த மகள்.

நூல் சான்றோடு வந்து சேர வெகு நாளாயிற்று. மற்ற எல்லாப் பாகமும் வந்து தட்டில் காத்திருக்க, விலையில் ஆகக் கடைசியான நூலுக்காக விமானம் தரையில் நின்றது. நான் தினமும் புலம்பினேன். பட்டு நெசவு நடக்கும் வட்டாரத்தில் பட்டு நூலுக்கா பஞ்சம் என்று ஒரு நாள் வாய்தவறிக் கேட்டும்விட்டேன். ஜெபமணி சார் கை கழுவப் போனார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. வந்த நூலை அவரே விளிம்பு நெடுக விரல் நுனியால் வளைத்து வைத்தார். அதைப் பார்க்க பாய் மறுபடியும் பேருந்து ஏறி வந்தார். மீந்த நூலைத் தரச் சொல்லிக் கேட்டார். தரவில்லை.

நஸ்ரின் அந்தப் பயணத்தை அதே விமானத்தில் மறுபடியும் போனாள். இம்முறை மலையைத் தாண்டிச் சேலம் போய் வந்தாள். இப்போது பெரிய பயணிகள் விமானம் ஓட்டுகிறாள். வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் கரீம் பாய் அண்ணாந்து, "நம்ம பொண்ணு போவுது" என்பார். அது வேறு நிறுவனத்து விமானம் பாய், அவள் இன்று டெல்லியில் இருக்கிறாள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இந்த வருடம் அறுவடை முடிந்ததும் ஒரு வேலையாக உளுந்தூர்பேட்டைக்குப் போனவன், அந்த ஓடுதளத்துக்கும் போனேன். வழக்கம்போல மஞ்சளாகச் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. விளைச்சல் நிறைய, இடம் போதாமல் ஓரத்து மண்ணில்கூடச் சாக்கு விரித்துக் கொட்டியிருந்தார்கள். ஆனால் நடுவே, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, அகலமாக ஒரு பாதை காலியாகக் கிடந்தது. ஒரு மணிகூட இல்லை. கூட்டி வைத்திருந்தார்கள். சோளத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், இவ்வளவு நெருக்கடியில் இதை ஏன் காலியாக விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் இந்தக் கதை நடந்த பிறகு வேலைக்கு வந்தவர்.

"அது பாய் வூட்டு வழக்கங்க. அங்க கொட்டக்கூடாது. ஏரோப்ளேன் வந்தா எறங்கறதுக்கு."

"எப்பவாவது வந்திருக்கா?"

"எங்க வந்துச்சு. வந்தா எடம் ஓணும் இல்ல?"

பாதையின் நடுவே ஒரு மரப்பலகை கிடந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேறு எதுவும் கிடக்கிறதா என்று கடைசி வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.